கோடாக் சாம்ராஜ்யம் சரிந்தது எப்படி? ஜார்ஜ் ஈஸ்ட்மென் வாழ்க்கை சொல்லும் பாடம்

பழைய தமிழ்ப் பட போஸ்டர்களில் ஈஸ்ட்மென் கலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பலரும் அது ஏதோ ஒரு கலரின் பெயர் என்றுதான் நினைத்திருப்போம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ஜார்ஜ் ஈஸ்ட்மென், கோடாக் நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்தக் கலர் ஃபிலிம் சந்தைக்கு வந்தது 1950-ல். அவர் இறந்தது 1932-ல்.

1970-களின் நடுவில், அமெரிக்காவில் விற்ற ஃபோட்டோ ஃபிலிமில் 10-க்கு 9 பங்கு கோடாக்குடையது என்று கணக்கிடப்பட்டது. அதே கோடாக் 2012 ஜனவரியில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது. கூகுள், ஆப்பிள், மெட்டா போன்ற நிறுவனங்களை இனி யாராலும் அசைக்க முடியாது என்று இன்று பேசிக்கொள்கிறோம். அப்படி ஓர் இடத்தில் இருந்த டெக் நிறுவனம் எப்படிக் கட்டப்பட்டது, எப்படி இறங்கியது என்பதைப் புரிந்துகொள்ள ஈஸ்ட்மெனின் வாழ்க்கையிலிருந்து தொடங்கலாம்.

வாரம் 3 டாலர் சம்பளம்

1854 ஜூலை 12-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் உள்ள வாட்டர்வில் என்ற ஊரில் பிறந்தார் ஈஸ்ட்மென். அப்பா, ராச்செஸ்டர் நகரில் கணக்குப் பதிவு போன்ற பாடங்களைச் சொல்லித்தரும் வணிகக் கல்லூரி ஒன்றை நடத்தினார். 1862-ல் அப்பா இறந்தபோது ஜார்ஜுக்கு 7 வயசு. அம்மா மரியா வீட்டில் வெளியாட்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, அந்த வருமானத்தில் குடும்பத்தை ஓட்டினார். இரண்டு அக்காக்களில் ஒருவருக்கு போலியோ. அவர் 1870-ல் இறந்துபோனார்.

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஜார்ஜ், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 3 டாலர். இரவில் வீட்டிலேயே கணக்குப் பதிவு படித்து, 1874-ல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் கிளார்க் ஆனார். அதோடு செட்டில் ஆகியிருக்க வேண்டியவர்தான்.

1877 வாக்கில் கரீபியன் தீவில் இருக்கும் சாண்டோ டொமிங்கோவுக்குப் போக பிளான் போட்டார். பயணத்தைப் படம் பிடிக்கலாமே என்று யாரோ சொல்ல, கேமரா வாங்கினார். கேமரா என்றால் இன்றைய மைக்ரோவேவ் அடுப்பு அளவுக்கு ஒரு பெட்டி. அதோடு ஸ்டாண்ட், கண்ணாடித் தகடுகள், ரசாயனங்கள், தண்ணீர், இருட்டறைக்காக ஒரு கூடாரம். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் ஆக வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே காசு கொடுத்து டியூஷன் போக வேண்டியிருந்தது.

பயணம் நடக்கவே இல்லை. ஆனால், இவ்வளவு மூட்டை முடிச்சு எதற்கு என்ற கேள்வி அவரை விடவில்லை.

சமையலறையில் தொடங்கிய கம்பெனி

காய்ந்த பிறகும் வேலை செய்யும் 'டிரை பிளேட்' தகடுகளைப் பற்றி பிரிட்டிஷ் பத்திரிகைகளில் படித்தார் ஈஸ்ட்மென். பகலில் வங்கி வேலை, இரவில் அம்மாவின் சமையலறையில் ரசாயனச் சோதனை. தகடுகளில் ரசாயனக் கலவையைச் சீராகப் பூசும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 1879-ல் லண்டனிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் காப்புரிமை வாங்கினார். 1881 ஜனவரியில் ஹென்றி ஸ்ட்ராங் என்பவருடன் கூட்டு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். ஸ்ட்ராங்கின் தொழில் குதிரை வண்டிச் சாட்டை தயாரிப்பு. கார் வந்ததும் காணாமல்போகப் போகிற ஒரு தொழிலின் பணம்தான் கோடாக்குக்கு முதலீடாக வந்தது.

1882-ல் முதல் பெரிய அடி. விற்ற தகடுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஈஸ்ட்மென் கெட்டுப்போன தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நல்லவற்றைக் கொடுத்தார். கையில் இருந்த பணம் கிட்டத்தட்ட காலி. ஆனால், கம்பெனியின் பெயர் நின்றது. கோளாறு ஜெலட்டினில் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

தன் சரக்குக்குத் தானே போட்டி

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. டிரை பிளேட் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே, அதை ஓரங்கட்டக்கூடிய பொருளை ஈஸ்ட்மென் தானே தேடத் தொடங்கினார்.

1880-களின் நடுவில், கண்ணாடிக்குப் பதிலாகக் காகிதத்தில் ரசாயனம் பூசி ரோலாகச் சுற்றும் ஃபிலிமைக் கொண்டுவந்தார். தொழில்முறை ஃபோட்டோகிராபர்கள் அதைச் சீண்டவில்லை. கண்ணாடியில் கிடைத்த துல்லியம் அதில் இல்லை. அவர்கள் வாங்காவிட்டால் போகட்டும், இதுவரை கேமராவையே தொடாதவர்களுக்கு விற்போம் என்று திசையை மாற்றினார்.

அப்படி 1888-ல் வந்ததுதான் முதல் கோடாக் கேமரா. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான ரோல். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்கு ரோலைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பட்டனை அமுக்குவது மட்டும்தான் வாடிக்கையாளர் வேலை. கோடாக் என்ற சொல்லுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. கே என்ற எழுத்து அவருக்குப் பிடிக்கும், அதனால் அந்த எழுத்தில் தொடங்கி அதிலேயே முடியும் ஒரு பெயரை உருவாக்கினார்.

அடுத்த வருஷமே காகித ஃபிலிமையும் ஓரங்கட்டினார். கம்பெனியின் வேதியியலாளர் ஹென்றி ரைஷன்பாக் உருவாக்கிய, ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் ஃபிலிம் 1889-ல் விற்பனைக்கு வந்தது. எடிசனின் சினிமா முயற்சிகளுக்குக் கைகொடுத்ததும் இதுதான். கண்ணாடி, காகிதம், செல்லுலாய்ட் என்று 10 வருஷத்துக்குள் மூன்று தலைமுறைத் தொழில்நுட்பம். ஒவ்வொரு முறையும் பழைய பொருளுக்குப் போட்டியைக் கொண்டுவந்தது அவரேதான். கண்ணாடித் தகடு விற்பனையை அவர் நிறுத்திவிடவில்லை. ஆனால், பணத்தையும் ஆட்களையும் புதிய பொருளின் பக்கம் திருப்பிவிட்டார்.

1900-ல் பிரவுனி கேமரா வந்தது. விலை வெறும் 1 டாலர். குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரம். 1 டாலர் கேமராவில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். லாபம் கேமராவில் இல்லை. 15 சென்ட் ஃபிலிமில் இருந்தது. இன்று பிரிண்டரை மலிவாகக் கொடுத்து இங்க்கில் காசு பார்ப்பது போலத்தான். கேமராவை ஒருமுறைதான் வாங்குவார்கள், ஃபிலிமை வாழ்நாள் முழுக்க வாங்குவார்கள். கழுவ, பிரிண்ட் போட தனிக் காசு. இந்தச் சங்கிலிதான் கோடாக்கின் உண்மையான சொத்து.

பூட்டு மேல் பூட்டு

சங்கிலியைக் காப்பாற்ற ஈஸ்ட்மென் செய்தது எல்லாமே நல்ல பிள்ளை வேலை இல்லை. போட்டி நிறுவனங்களை வரிசையாக வாங்கினார். ஃபோட்டோ பிரிண்ட் போடத் தேவையான தரமான மூலக் காகிதம் ஐரோப்பாவின் ஒருசில ஆலைகளிலிருந்துதான் வந்தது. அந்த சப்ளையையே தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார். 1899-ல் வெலாக்ஸ் என்ற ஃபோட்டோ காகிதத்தை உருவாக்கிய லியோ பேக்லண்டிடமிருந்து அந்தத் தொழிலை வாங்கினார். அந்தப் பணத்தோடு ஒதுங்கி ஆராய்ச்சியில் இறங்கிய பேக்லண்ட்தான் பின்னாளில் பேக்கலைட் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார். கோடாக் பொருட்களை விற்கும் கடைக்காரர்களுக்கும் விலையிலிருந்து எல்லாவற்றிலும் கடுமையான நிபந்தனைகள்.

ஒரு சர்ச்சை கடைசிவரை துரத்தியது. ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார், ரைஷன்பாக்குக்கு முன்பே, 1887-ல் செல்லுலாய்ட் ஃபிலிமுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது கிடைத்தது 1898-ல்தான். 1900-ல் அவர் இறந்துபோனார். அந்தக் காப்புரிமையை வாங்கிய நிறுவனம் வழக்கைத் தொடர்ந்து நடத்தியது. கடைசியில் 1914-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து கோடாக் சமரசம் செய்துகொண்டது. பணம் போனது, சந்தை போகவில்லை. 25 வருஷம் அந்தச் சந்தையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது தாங்கக்கூடிய தொகைதான்.

1913-ல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. 1915-ல் கோடாக் சட்டவிரோத ஏகபோகம் என்று நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டைக் கைவிட்டு, 1921-ல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆணைப்படி, வாங்கிப்போட்டிருந்த சில கேமரா, தகடு, காகிதத் தொழில்களை கோடாக் விற்க வேண்டியதாயிற்று. ஆனால், அரசு கை வைத்தது பெரும்பாலும் ஏற்கெனவே முக்கியத்துவம் குறைந்துகொண்டிருந்த பகுதிகளில். ரோல் ஃபிலிம் ராஜ்யம் அப்படியே இருந்தது.

உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஆய்வகம்

1912-ல், போட்டியே இல்லாத நிலையில், ஈஸ்ட்மென் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க முடிவெடுத்தார். அதை நடத்த இங்கிலாந்தைச் சேர்ந்த விஞ்ஞானி கென்னத் மீஸ் வேண்டும் என்பதற்காக, அவர் இருந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். இந்த ஆய்வகத்தின் வழியாகத்தான், ஈஸ்ட்மென் இறந்து 3 ஆண்டுகள் கழித்து, 1935-ல் கோடாக்ரோம் கலர் ஃபிலிம் வந்தது.

லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் முறையையும் 1912-ல் தொடங்கினார். 1919-ல் தன் சொந்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை, அன்றைய மதிப்பில் 1 கோடி டாலரை, ஊழியர்களுக்கே கொடுத்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், அதன் இசைப்பள்ளி, கறுப்பின மாணவர்கள் படித்த டஸ்கிகீ, ஹாம்ப்டன் கல்வி நிறுவனங்கள், லண்டன், ரோம், பாரிஸ் உள்ளிட்ட நகரங்களில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனைகள் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். எம்.ஐ.டி.க்கு மிஸ்டர் ஸ்மித் என்ற பெயரில் கொடுத்ததால், யார் கொடுத்தது என்று ரொம்ப நாள் வெளியே தெரியவில்லை. வாழ்நாளில் கொடுத்தது மொத்தம் 10 கோடி டாலருக்கும் மேல்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாதான் எல்லாம். 1907-ல் அவரும் போய்விட்டார். கடைசி ஆண்டுகளில் முதுகுத்தண்டு நோய் வந்து நடப்பதே பெரும்பாடானது. 1932 மார்ச் 14-ல், 77-வது வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். (மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணில் பேசலாம்.)

கண்டுபிடித்தவர்களே கையில் எடுக்கவில்லை

ஈஸ்ட்மெனுக்குப் பிறகு கோடாக் இன்னும் பெரிதானது. 1954-ல் அரசு மறுபடியும் தலையிட்டது. கலர் ஃபிலிம் விலையோடு கழுவும் கட்டணத்தையும் சேர்த்து விற்கக் கூடாது என்று ஓர் ஆணை. சங்கிலியின் ஒரு கண்ணி அங்கே கழன்றது. வெளியாட்களும் ஃபிலிம் கழுவும் தொழிலுக்குள் வர முடிந்தது. ஆனாலும் ஃபிலிம் விற்பனை ஓடியது, பணம் கொட்டியது.

1975-ல் கோடாக்கின் இளம் எஞ்சினீயர் ஸ்டீவன் சாசன், ஃபிலிமே இல்லாத ஒரு கேமராவைச் செய்து காட்டினார். எடை சுமார் 3.6 கிலோ. 0.01 மெகாபிக்சல். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி. அதை டி.வி.யில் போட்டுப் பார்க்கலாம். 1978-ல் காப்புரிமையும் கிடைத்தது. நிர்வாகம் பெரிதாக உற்சாகம் காட்டவில்லை.

அப்போ கோடாக் தூங்கிக்கொண்டிருந்ததா? அதுவும் இல்லை. 1981-ல் நிறுவனமே நடத்திய ஆய்வு, டிஜிட்டல் ஒருநாள் ஃபிலிமின் இடத்தைப் பிடிக்கும், ஆனால் தயாராக சுமார் 10 வருஷம் அவகாசம் இருக்கிறது என்று சொன்னது. 1991-ல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கோடாக்தான். ஆப்பிள் 1994-ல் விற்ற குவிக்டேக் கேமராவைத் தயாரித்துக் கொடுத்ததும் கோடாக்தான். 2005-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்துக்கும் வந்தது.

தெரிந்திருந்தது. செய்யவும் தெரிந்திருந்தது. பிறகு எங்கே சிக்கல்?

கணக்கில்தான் சிக்கல். ஃபிலிம் விற்றால் ஒவ்வொரு ரோலிலும் கொழுத்த லாபம். டிஜிட்டல் கேமரா விற்றால் லாபம் சொற்பம், சில சமயம் நஷ்டம். அதுவும் ஒருமுறை விற்பதோடு முடிந்தது. ரோல் இல்லை, கழுவும் வேலை இல்லை, பிரிண்ட் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டிஜிட்டலை வேகப்படுத்தும் ஒவ்வொரு முடிவும் சொந்த ஃபிலிம் வருமானத்தை வெட்டும் முடிவாக இருந்தது. அந்த ஃபிலிமை நம்பி ராச்செஸ்டரில் மட்டும் 1982-ல் 60,000-க்கும் மேற்பட்டோர் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். எந்த மேலாளர் அதில் கை வைப்பார்?

நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நுழைந்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ ஃபிலிம் வாய்ப்பை கோடாக் விட்டுக்கொடுக்க, ஃபியூஜி அதைப் பிடித்துக்கொண்டது. கோடாக்கின் சொந்த மண்ணில், குறைந்த விலையில் கடை விரித்தது. உடனடியாகப் படம் வரும் கேமராவில் இறங்கிய கோடாக், காப்புரிமை வழக்கில் போலராய்டிடம் தோற்று 1986-ல் அந்தத் தொழிலைவிட்டே வெளியேறியது. 90 கோடி டாலருக்கும் மேல் நஷ்டஈடு கட்டியது.

2003-ல்தான் இனி ஃபிலிமில் பெரிய முதலீடு இல்லை என்று கோடாக் அறிவித்தது. சாசனின் கேமராவுக்கு அப்போது 28 வயசு. அதற்குள் எல்லாம் வேகமெடுத்துவிட்டது. பின்னாலேயே வந்த ஸ்மார்ட்ஃபோன், டிஜிட்டல் கேமரா சந்தையையும் சேர்த்து விழுங்கியது. 2012 ஜனவரி 19-ல் திவால் பாதுகாப்பு கேட்டு மனு. டிஜிட்டல் படக் காப்புரிமைகளைச் சுமார் 52.5 கோடி டாலருக்கு விற்று, 2013-ல் சிறிய நிறுவனமாக மீண்டது. இன்றும் ஃபிலிம் தயாரிக்கிறது, ஆனால் சந்தையை ஆட்டிவைக்கும் இடத்தில் இல்லை. இதன் விலையை முதலில் கொடுத்தது பங்குதாரர்கள் இல்லை. ராச்செஸ்டரின் தொழிலாளர் குடும்பங்கள். 60,000 வேலைகள் சில ஆயிரங்களாகச் சுருங்கின.

ஈஸ்ட்மென் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பாரா?

ஆசையாக ஆமாம் என்று சொல்லத் தோன்றும். கண்ணாடியைவிட்டு ஃபிலிமுக்குத் தாவியவர் ஆயிற்றே. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அவர் தாவிய ஒவ்வொரு முறையும் புதிய பொருளும் ரசாயனம் பூசிய, திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய ஒரு சரக்காகவே இருந்தது. பழைய லாபம் போனால் அதைவிடப் பெரிய லாபம் வந்தது. டிஜிட்டல் அந்தச் சங்கிலியையே அறுத்தது. தவிர, 1885-ல் ஈஸ்ட்மெனிடம் இழக்கக் கொஞ்சம்தான் இருந்தது. 1985-ல் கோடாக்கிடம் இழக்க ஒரு ஊரே இருந்தது.

ஃபியூஜியும் அதே புயலில்தான் சிக்கியது. அவர்கள் தங்கள் ரசாயன அறிவை எல்.சி.டி. திரைகளுக்கான ஃபிலிம், அழகு சாதனப் பொருட்கள், மருத்துவம் என்று வேறு தொழில்களுக்குக் கொண்டுபோனார்கள். ஃபிலிமைக் காப்பாற்றியதால் அவர்கள் தப்பிக்கவில்லை. ஃபிலிம் வழியாகக் கற்றதை வைத்துத் தப்பித்தார்கள். கோடாக்கும் அப்படி ஒரு ரசாயனத் தொழிலை வைத்திருந்தது. ஈஸ்ட்மென் 1920-ல் தொடங்கிய அந்தப் பிரிவை 1994-ல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஈஸ்ட்மென் கெமிக்கல் என்ற பெயரில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைய ஜாம்பவான்களுக்கு என்ன பாடம்?

கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தோடு ஆட்டம் முடிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். சட்டத்தால் ஒண்ணும் ஆகாது என்று சிலர். கோடாக் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1921, 1954 ஆணைகள் கோடாக்கைச் சாய்க்கவில்லை. ஆனால், இரண்டாவது ஆணை மற்றவர்கள் உள்ளே வர ஒரு கதவைத் திறந்தது. கோடாக்கைச் சாய்த்தது அதன் வருமான வழியே தேவைப்படாத ஒரு தொழில்நுட்பம். அது வெளியிலிருந்து திடீரென்று வந்து குதிக்கவில்லை, பல வருஷம் கோடாக்கின் சொந்த ஆய்வகத்திலேயே இருந்தது.

ஆக, ஒரு பெரிய டெக் நிறுவனம் இறங்குமா என்று பார்க்க, போட்டியாளர் யார் என்று தேடுவது மட்டும் போதாது. அதன் பணம் எந்தப் பொருளிலிருந்து வருகிறது, அந்தப் பொருளைத் தேவையில்லாமல் ஆக்கக்கூடிய ஒன்றை அந்த நிறுவனமே ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறதா, இருந்தால் அதை முழு வேகத்தில் விற்கிறதா, இல்லை ஓரமாக வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வாழும் தேடல் நிறுவனத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஏ.ஐ. அப்படி ஒரு பொருளாக இருக்கலாம். ஓரமாக வைத்தாலும் உடனே எதுவும் நடக்காது. கோடாக்கில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய கிட்டத்தட்ட 30 வருஷம் ஆனது. அதுவரை லாபக் கணக்கு நன்றாகவே இருந்தது.